உங்கள் நியாயத்தை நீங்களே எழுதுங்கள்

வட்டவளை, ரொசல்ல, ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களிலிருந்து கேட்டுக்கொண்டிருக்கும் அம்மாமாரே, அக்காமாரே, தங்கச்சிமாரே!

இன்று உங்களிடம் ஒன்று கேட்க வந்திருக்கிறேன். பத்திரிகைக்கு எழுதுங்கள். கதையும் கவிதையும் நம் பெண்கள் எழுதிக்கொண்டுதான் இருக்கிறார்கள். நான் கேட்பது கருத்துக் கட்டுரை. சம்பளம், சட்டம், வீடு, காணி, பள்ளிக்கூடம் என்று எதைப் பற்றியும், “இது சரி, இது பிழை, இப்படித்தான் செய்ய வேண்டும்” என்று அடித்துச் சொல்லும் கட்டுரை.

இது நமக்குப் புதிதல்ல. ஏறக்குறைய நூறு வருஷத்துக்கு முன்பே ஒரு பெண் இதைச் செய்து காட்டியிருக்கிறார். அவர் மீனாட்சி அம்மாள். தோட்டத் தொழிலாளருக்குத் தொழிற்சங்கம் கட்டிய கோ. நடேசய்யரின் துணைவியார். 1920களில் ‘தேசபக்தன்’ பத்திரிகையில் அவர் எழுதினார். இலங்கையின் அரசியலமைப்பை ஆராய டொனமூர் ஆணைக்குழு வந்த காலத்தில், பெண்களுக்கு வாக்குரிமை எதற்கு என்று பெரிய மனிதர்களே கேட்டார்கள். சேர். பொன். இராமநாதன் அதை வெளிப்படையாகவே எதிர்த்தார். அந்த நேரத்தில் பெண்களின் வாக்குரிமைக்காகப் பேனா பிடித்தவர் மீனாட்சி அம்மாள். தோட்டந்தோட்டமாகப் போய், தொழிலாளரின் குறைகளைத் தாமே பாட்டாகக் கட்டிப் பாடவும் செய்தார். 1931இல் ஆண், பெண் இருபாலாருக்கும் வாக்குரிமை வந்தது.

பிறகு நடந்தது உங்களுக்குத் தெரியும். 1948இன் குடியுரிமைச் சட்டமும் அடுத்த வருஷத்துத் தேர்தல் சட்டமும் மலையகத் தமிழரான நம் மக்களின் வாக்கைப் பறித்தன. ஆணுக்கும் பெண்ணுக்கும் சமசம்பளம் கிடைக்க 1984 வரை காத்திருந்தோம். ஆயிரம் ரூபாய் நாட்சம்பளத்துக்குப் பல வருஷம் வாதாடி, 2021இல்தான் வர்த்தமானி வந்தது. அத்தனை வருஷமும் பத்திரிகையில் யார் பேசினார்கள்? தலைவர்கள், கம்பெனிக்காரர்கள், அமைச்சர்கள், பொருளாதாரம் படித்தவர்கள். பெரும்பாலும் ஆண்கள். கொழுந்து பறிக்கிறவர்களோ பெரும்பாலும் பெண்கள். கூடையோடு நிற்கும் நம் படம் பத்திரிகையில் வந்தது. நம் வாதம் வரவில்லை.

இது நம் ஊர்க் குறை மட்டுமல்ல. 2020இல் உலக நாடுகளின் செய்திகளை எடுத்து ஆராய்ந்தபோது, செய்தியில் இடம்பெறுகிறவர்களில் நான்கில் ஒருவர்தான் பெண் என்று தெரிந்தது.

“எனக்கு என்ன தெரியும், எழுதுவதற்கு?” என்று கேட்பீர்கள். வட்டவளை மழையையே எடுத்துக்கொள்ளுங்கள். நாட்டிலேயே அதிகம் மழை பெய்யும் இடங்களில் இதுவும் ஒன்று. படங்கைக் கட்டிக்கொண்டு நனைந்து நனைந்து பறிக்கிறீர்கள். நிறுவையில், கொழுந்து ஈரம் என்று கிலோவில் கழிக்கிறார்கள். எவ்வளவு கழிப்பது, எதை வைத்துக் கழிப்பது, அதை யார் தீர்மானிப்பது? கழித்த பிறகு அன்றைக்கு முழுப் பேரா (முழு நாள் சம்பளமா), அரைப் பேரா? இந்தக் கணக்கைத் தராசுக்கு முன்னால் நிற்கும் உங்களை விட யார் நன்றாகச் சொல்ல முடியும்? மலையில் மலசலகூடம் இல்லாமல் ஒரு பெண் நாள் முழுக்கப் படும் பாட்டை எந்த நிபுணர் எழுதுவார்?

எழுதுவது எப்படி? ஒரு கட்டுரைக்கு ஒரே விஷயம் போதும். முதல் நாலு வரியில் நீங்கள் கண்ணால் கண்டதைச் சொல்லுங்கள்: எந்த நேரம், எத்தனை கிலோ, எவ்வளவு கழித்தார்கள். அடுத்து, அது ஏன் பிழை என்று காரணம் சொல்லுங்கள். எதிர்ப்பக்கத்தார் என்ன பதில் சொல்வார்கள் என்று யோசித்து, அதற்கும் மறுமொழி எழுதுங்கள். கடைசியில், யார் என்ன செய்ய வேண்டும் என்று கேளுங்கள். “நிறுத்த எடையையும் கழித்த எடையையும் துண்டில் எழுதிக் கையில் கொடுக்க வேண்டும்” என்பது போல, செய்யக்கூடிய ஒரு கோரிக்கை. ஐந்நூறு சொல் தாராளம். உறுதியாகத் தெரிந்ததை மட்டும் எழுதுங்கள். எண்களை இரண்டு தரம் சரிபாருங்கள்.

வேலைக்கு ஆபத்து வரும் என்று பயம் இருந்தால் புனைபெயரில் எழுதலாம். சொந்தப் பெயரை வெளியிட வேண்டாம் என்று பத்திரிகை ஆசிரியரிடம் முதலே கேட்டு, அவர் சம்மதித்த பிறகு அனுப்புங்கள். எழுத்து வராத அம்மாமார் சொல்லட்டும், படித்த மகள் எழுதட்டும். ஆனால் அம்மாவின் வாதத்தை மகள் மாற்றக்கூடாது. ஆசிரியையாக, தாதியாக, கிராம அலுவலராக இருக்கும் நம் பிள்ளைகளே, உங்களுக்கு இந்தக் கடமை இன்னும் கூடுதல்.

முதல் கட்டுரை திரும்பி வரலாம், பதிலே வராமலும் போகலாம். திருத்தி வேறு பத்திரிகைக்கு அனுப்புங்கள். சம்பளப் பேச்சு இனியும் வரும், வீட்டுத் திட்டமும் காணிப் பேச்சும் வரும். அப்போது முடிவெடுக்கிறவர்களின் மேசையில் கிடக்கும் பத்திரிகையில் உங்கள் நியாயமும் இருக்க வேண்டும். இந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு பக்கம் எழுதிப் பாருங்கள். பக்கத்துக் காம்பரா அக்காவுக்கு வாசித்துக் காட்டுங்கள். அவர் “ஆமா, அதுதான் உண்மை” என்று சொன்னால், தயங்காமல் அனுப்பிவிடுங்கள்.