ஆள் கணக்கு இல்லாமல் யாருக்குத் திட்டம்?



வெளிநாட்டில் ஆள் இல்லாத வீட்டை லால்பேட்டையில் தேடித்தான் பிடிக்க வேண்டும். பரங்கிப்பேட்டையைக் கேட்கவே வேண்டாம். ஆனால், இந்தக் கடலூர் மாவட்டத்திலிருந்து போனவர்கள் எத்தனை பேர், எந்த நாட்டில், என்ன வேலையில்? கலெக்டர் ஆபீசில் போய்க் கேளுங்கள். ஊர்வாரியாக ஒரு பட்டியல் எடுத்துக் காட்டட்டும், பார்ப்போம்!

1860-இல் வெள்ளைக்காரன் சென்னையிலிருந்து தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்கு நம் ஆட்களைக் கப்பலேற்றினான். பெயர், தகப்பன் பெயர், வயது, ஊர், உடம்பில் தழும்பு எங்கே என்பதுவரை எழுதி வைத்தான். பாசமா? ஓடினால் பிடித்து இழுத்துவர! வேலை வாங்க அவனுக்குக் கணக்கு தேவைப்பட்டது. காப்பாற்ற வேண்டிய நம் அரசுக்கு அது தேவையில்லையா?

1983-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இருக்கிறது. பத்தாவது தேறாதவர் வளைகுடாவுக்கு வேலைக்குப் போனால் எமிகிரேஷன் கிளியரன்ஸ் வாங்க வேண்டும். அங்கே பதிவு விழும். பத்தாவது பாஸா? கேள்வியே இல்லை. விசிட் விசாவில் போய் வேலையில் சேர்ந்தவனும் கணக்கில் வரமாட்டான். சிங்கப்பூரோ கிளியரன்ஸ் வாங்க வேண்டிய நாடுகளின் பட்டியலிலேயே கிடையாது. தமிழன் கூட்டம் கூட்டமாகப் போகிற நாடய்யா அது!

கேரளம் 1998 முதல் திரும்பத் திரும்ப வீடு வீடாகக் கணக்கெடுக்கிறது. நாம் 2015-இல் எடுத்தோம்: மாநிலம் முழுதும் சுமார் 20,000 வீடுகள், வெளிநாட்டில் 22 லட்சம் பேர் என்று மதிப்பிட்டார்கள். அதற்குப் பிறகு கொரோனா வந்தது, வேலை போய்த் திரும்பினார்கள், மறுபடி போனார்கள். பழைய கணக்கை வைத்துப் புது ஆளுக்கு எப்படித் திட்டம் போடுவது?

2024 ஜூன் 12, குவைத்தின் மங்காஃபில் தொழிலாளர்கள் தங்கியிருந்த கட்டடத்தில் தீ. மாண்ட தமிழர் ஏழு பேரில் ஒருவர் நம் மாவட்டத்துக்காரர். செத்தால்தான் பட்டியலில் பெயர் ஏறுமா?

உங்களிடமும் ஒன்று சொல்கிறேன், கோபிக்காதீர்கள். கணக்கெடுக்க வந்தால், ரேஷன் கார்டில் பேரை அடித்துவிடுவார்களோ என்று மகன் ஊரில்தான் இருக்கிறான் என்கிறீர்கள். அந்தப் பயம் நியாயமானது. அதனால்தான் கேட்கிறோம்: இந்தக் கணக்கை வைத்து யார் பேரையும் நீக்கக் கூடாதென்று அரசு எழுத்தில் தரட்டும். ஐந்தாண்டுக்கு ஒருமுறை கணக்கெடுப்பைச் சட்டமாக்கட்டும். திரும்பி வந்தவர்களையும் சேர்க்கட்டும். மே 1 கிராமசபையில் ஒவ்வொரு ஊராட்சியிலும் இதைத் தீர்மானமாகப் போடுங்கள். பரங்கிப்பேட்டை, லால்பேட்டை பேரூராட்சி மன்றங்களிலும் வைக்கச் சொல்லி உங்கள் கவுன்சிலரை விடாமல் பிடியுங்கள்!