தொடாமல் எழுதிய 'நார்மல்'

(மருத்துவ மாணவர்கள், செவிலியர்கள், களப்பணியாளர்கள் கூடிய கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



தீண்டாமை பற்றிப் பேச வேண்டிய மேடையில் நோயாளியின் கேஸ் ஷீட்டைப் பற்றி ஏன் பேசுகிறேன் என்று சிலருக்குத் தோன்றலாம். தொட்டுப் பார்த்தால்தான் சரியாகப் பிடிபடும் நோய் ஒன்று உண்டு. அது தொழுநோய். தொடுவதற்கே சாதி பார்த்துப் பழகிய சமூகத்தில், அந்த நோயின் பரிசோதனைக் குறிப்பை எப்படி எழுதுகிறோம் என்பது வெறும் மருத்துவப் பிரச்சினை அல்ல.

பத்தாயிரம் பேருக்கு ஒருவருக்கும் குறைவு என்ற அளவை எட்டிவிட்டதாக 2005 இறுதியில் இந்தியா அறிவித்தது. நோயே ஒழிந்துவிட்டது என்று பலர் புரிந்துகொண்டார்கள். ஆனால் இன்றும் உலகில் புதிதாகக் கண்டறியப்படும் தொழுநோயாளிகளில் பாதிக்கும் மேல் இந்தியாவில்தான் இருக்கிறார்கள்.

தோல் மருத்துவராக நான் பார்த்த ஒரு துப்புரவுத் தொழிலாளி மூன்று சீட்டுகளைக் கொண்டு வந்தார். முதல் சீட்டில் 'தேமல், களிம்பு'. அடுத்ததில் 'கையில் தீக்காயம், கட்டு'. மூன்றாவதில் 'சுண்டு விரல் மடங்கியுள்ளது'. மூன்றுக்கும் இடையே இரண்டு ஆண்டுகள். தேமலில் உணர்ச்சி இருந்ததா? சுட்டபோது வலித்ததா? முழங்கை நரம்பு தடித்திருந்ததா? எந்தச் சீட்டிலும் பதில் இல்லை. மேசைக்கு அந்தப் பக்கம் நிறுத்தியே எழுதப்பட்ட சீட்டுகள் அவை. 'மற்றவை நார்மல்' என்று மட்டும் மூன்றிலும் இருந்தது.

இந்தப் பரிசோதனைக்கு ஸ்கேன் வேண்டாம். கொஞ்சம் பஞ்சும் ஒரு பால்பாயிண்ட் பேனாவும் போதும். கண்ணை மூடச் சொல்லி, படையின் மேல் பஞ்சால் தொட்டு, தொட்ட இடத்தைக் காட்டச் சொல்ல வேண்டும். முழங்கையின் உள்பக்கம், முழங்காலுக்குக் கீழே வெளிப்பக்கம், கணுக்காலின் உள்பக்கம் என நரம்புகளை இரு பக்கமும் தடவி ஒப்பிட வேண்டும். உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் பேனா முனையால் மெல்லத் தொட்டுப் பார்க்க வேண்டும். கண் முழுதாக மூடுகிறதா, சுண்டு விரலையும் கட்டை விரலையும் எதிர்ப்புக்கு எதிராகத் தூக்க முடிகிறதா, பாதம் மேலே எழுகிறதா என்று சோதிக்க வேண்டும். நம் கறுத்த தோலில் பாடநூல் சொல்லும் 'சிவப்பு' பல நேரம் தெரியாது. அதனால் கண்ணை மட்டும் நம்ப முடியாது.

பார்த்ததை அப்படியே எழுதுங்கள். படை எத்தனை, எங்கே என்று உடல் படத்தில் குறியுங்கள். ஐந்து வரையா, அதற்கு மேலா என்பது சிகிச்சை வகையைப் பிரிப்பதில் முக்கியமானது. தசையின் வலு இருக்கிறதா, குறைந்திருக்கிறதா, அறவே இல்லையா என்று எழுதுங்கள். ஊனத்தின் அளவை 0, 1, 2 என்று கண், கை, கால் ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகக் குறியுங்கள். உணர்ச்சி சரியாக இருந்தால் 'சோதித்தேன், சரியாக உள்ளது' என்று எழுதுங்கள். சோதிக்கவில்லை என்றால் 'சோதிக்கவில்லை' என்றே எழுதுங்கள். தொடாமல் எழுதிய 'நார்மல்' ஒரு பொய்ச் சாட்சி.

நரம்புப் பாதிப்பு ஆறு மாதத்திற்குள் பிடிபட்டால் பிரெட்னிசோலோன் கொடுத்துப் பெரும்பாலும் மீட்க வாய்ப்புண்டு. ஆனால் இது புதிய பாதிப்பா, பழையதா என்று எப்படித் தெரியும்? போன முறை எழுதிய குறிப்பைப் பார்த்துத்தான் தெரியும். அந்தக் குறிப்பு இல்லாததன் விலை ஒரு மனிதரின் கை. கூட்டிக் கழுவிப் பிழைக்கிறவருக்குக் கை போனால் கூலி போகும். 2016 ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் தொழுநோயிலிருந்து குணமானவரையும் உள்ளடக்குகிறது. அந்த உரிமையைக் கேட்கப் போகும்போதும் அவர் கையில் இருக்க வேண்டியது ஒழுங்காக எழுதிய குறிப்புதான்.

தொற்றிவிடும் என்று பயப்படுகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். மிகப் பெரும்பாலானோருக்கு இந்தக் கிருமியை எதிர்க்கும் சக்தி இயல்பிலேயே உண்டு. கூட்டு மருந்து தொடங்கியதும் தொற்றும் தன்மை விரைவில் போய்விடுகிறது. தொட்டுப் பரிசோதிப்பதால் மருத்துவருக்கு நோய் வருவதில்லை. பிறகும் கை நீளவில்லை என்றால், தடுப்பது கிருமி பற்றிய அச்சமா, வேறொன்றா என்று நாம் கேட்டே ஆக வேண்டும்.

தொழுநோயாளிகளைப் பிடித்து அடைக்க வழிசெய்த 1898 ஆம் ஆண்டுச் சட்டம் 2016 இல்தான் நீக்கப்பட்டது. தீண்டாமையை அரசியல் சட்டத்தின் 17 ஆவது பிரிவு 1950 இலேயே ஒழித்துவிட்டது. இரண்டும் காகிதத்தில் நடந்தவை. பரிசோதனை அறையில் நடக்க வேண்டியது பாக்கி இருக்கிறது.

களப்பணியாளர்களுக்கு ஒரு வேண்டுகோள். நம் மக்களோடு மருத்துவமனைக்குச் செல்லுங்கள். 'தொட்டுப் பார்த்தீர்களா, எழுதினீர்களா' என்று மரியாதையாக, ஆனால் விடாமல் கேளுங்கள். சீட்டின் நகலை வாங்கிப் பத்திரப்படுத்துங்கள். கேட்பது சலுகை அல்ல, உரிமை.

ஜெய்பீம்!