பதிவேட்டில் ஏறாத பூர்வ சரித்திரம்

காமவெறியால் கொலை புரிந்த ஒருவன் அகப்பட்டவுடன், இவன் முன்பு என்னென்ன குற்றங்கள் செய்தவன் என்று எல்லோரும் கேட்கிறோம். நியாயமான கேள்விதான். ஆனால், அதற்கு விடை போலீஸ் பதிவேட்டில் மட்டுமே இருக்கிறதென்று நம்பிவிடலாகாது.

அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில், 2018 ஏப்ரலில், 72-ஆம் வயதில் கைதான ஜோசப் ஜேம்ஸ் டிஆஞ்சலோ என்பவன், 1975 முதல் 1986 வரை 13 கொலைகளைச் செய்ததாகப் பின்னர் நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டவன். அவனோ முன்னாள் போலீஸ்காரன். 1979-இல் கடையொன்றில் ஒரு சுத்தியலையும், நாய்களை விரட்டும் மருந்தையும் திருடியதற்காகத் தண்டனை பெற்று, உத்தியோகத்தையும் இழந்தவன். இந்தச் சில்லறைத் திருட்டைப் பார்த்து எவர்தான் அவனைச் சந்தேகித்திருக்க முடியும்?

அவனுடைய உண்மையான பூர்வ சரித்திரம் வேறோரிடத்தில் இருந்தது. 1974, 1975 ஆண்டுகளில் விசேலியா என்னும் நகரில் நூற்றுக்கு மேற்பட்ட வீடுகளில் எவனோ புகுந்து, விலையுயர்ந்தவற்றை விட்டுவிட்டுச் சில்லறை நாணயங்களையும் சிறு நகைகளையும் எடுத்துக்கொண்டு, பெண்களின் உள்ளாடைகளை வாரி இறைத்துவிட்டுப் போனான். வீட்டார் திரும்பினால் ஓசை கேட்கும்படி, கதவுப் பிடிகளின்மேல் பீங்கான்களையும் குப்பிகளையும் வைப்பது அவன் வழக்கம். 1976-இல் சாக்ரமெண்டோ வட்டாரத்தில் தொடங்கிய தொடர் பலாத்காரங்களில், கட்டுண்டு கிடந்த கணவனின் முதுகில் தட்டுகளை அடுக்கி, அவை சிறிதே ஓசையிட்டாலும் கொன்றுவிடுவேன் என்று மிரட்டிய மனிதனின் செய்கையில், அந்தப் பழைய திருடனின் கைப்பழக்கம் அப்படியே தொடர்ந்திருப்பதைக் காண்கிறோம். காலிவீட்டில் பயின்ற வித்தையே ஆட்கள் உறங்கும் வீட்டில் பிரயோகமாயிற்று. விசேலியாத் துப்பறிவாளர்கள், வீடுபுகுந்தவனும் பலாத்காரம் புரிந்தவனும் ஒருவனே என்று அக்காலத்திலேயே ஊகித்தார்கள். சாக்ரமெண்டோ அதிகாரிகள் அதை ஏற்கவில்லை. அந்த நிராகரிப்பை எண்ணுந்தோறும் என் மனம் பதைக்கிறது.

திருடுகிறவர்களெல்லாம் கொலைஞர்களாவார்கள் என்று நான் கூறவில்லை. அவ்வாறு கூறுவது அபாண்டம். எனினும், இத்தகைய கொலைஞரின் பழைய வழக்குகளை ஆராய்ந்தவர்கள், அவற்றில் பாலியல் குற்றங்களோடு வீடுபுகுதலும் திருட்டும் அடிதடியும் கலந்திருப்பதை அடிக்கடி கண்டிருக்கிறார்கள். ஆகையால், குற்றத்தின் பெயரைக் காட்டிலும் அது நடந்த விதமே கவனத்துக்குரியது. பொருள் போகாத திருட்டைச் சிறு வழக்கென்று கட்டிவைக்கும் காவல் நிலையம், அங்கே கலைக்கப்பட்டது எவருடைய அறை, தொடப்பட்டது எவருடைய உடை என்று விசாரித்தே தீரவேண்டும்.

2001-இல் மரபணுச் சோதனை, கலிபோர்னியாவின் வடக்கே நடந்த அந்தப் பலாத்காரங்களையும் தெற்கே நடந்த கொலைகளையும் ஒருவனே செய்தான் என்று ஸ்தாபித்தது. பின்னும் 17 ஆண்டுகள் கழித்து, உறவினரின் மரபணு வழியே டிஆஞ்சலோவின் பெயர் புலனாயிற்று. அதற்குள் பலாத்கார வழக்குகளுக்குரிய சட்டக் கெடு கடந்துபோயிருந்தது. ஆயினும் 2020 ஆகஸ்டில், ஆயுட்காலச் சிறைத்தண்டனை விதிக்கப்படுவதற்கு முன், அப்பெண்களும் அவர்களைச் சார்ந்தவர்களும் மூன்று நாட்கள் அவன் முன்னிலையில் நின்று பேசினார்கள்.