வானத்து முழக்கோல்

ஊருக்கும் ஊருக்கும் இடைப்பட்ட தொலைவை மைலிலோ கிலோமீற்றரிலோ சொல்வது உலக வழக்கம். ஞாயிற்றைச் சுற்றும் கோள்களின் தொலைவை அவ்வாறு சொல்லப் புகுந்தால், எண்கள் பெருகி மனத்தில் நில்லா. எனவே வானியலார், பூமிக்கும் ஞாயிற்றுக்கும் இடைப்பட்ட சராசரித் தொலைவையே ஒரு முழக்கோலாகக் கொண்டனர். அதற்கு வானியல் அலகு என்பது பெயர். அக்கோலால் அளந்தால், ஞாயிற்றிலிருந்து வெள்ளி 0.72 அலகு, வியாழன் 5.2 அலகு, நெப்டியூன் 30 அலகு தொலைவில் உள்ளன.

இக்கோலின் நீளம் சரியாகத் தெரியுமுன்னரே அறிஞர் அதனைக்கொண்டு அளக்கத் தொடங்கிவிட்டனர் என்பது விந்தையே. 1619 இல் கெப்ளர் வெளியிட்ட விதியின்படி, ஒரு கோள் ஞாயிற்றைச் சுற்றிவர எடுக்கும் காலம் தெரிந்தால், அதன் தொலைவு பூமியின் தொலைவைப்போல் எத்தனை மடங்கு என்பது தெரிந்துவிடும். அந்த ஒரு மடங்கு எத்தனை மைல் என்பதுதான் துல்லியமாகத் தெரியவில்லை. அளவுத்திட்டம் குறிக்கப்படாத தேசப்படம்போல் விளங்கிற்று வானம்.

இதற்கு 1716 இல் ஹாலி ஒரு வழி கூறினார். வெள்ளி ஞாயிற்றின் முகத்தைக் கடந்து செல்வதைப் பூமியின் வெவ்வேறு இடங்களிலிருந்து நோக்கி, கடக்கும் நேரங்களை ஒப்பிட்டால் அத்தொலைவைக் கணிக்கலாம் என்றார். அத்தகைய நிகழ்ச்சி 1761 இலும் 1769 இலும் வரவிருந்தது.

அதனைக் காண, 1760 இல் பிரான்சிலிருந்து புதுச்சேரிக்குப் புறப்பட்டார் லெ ஜாந்தி என்னும் வானியலறிஞர். அவர் போய்ச் சேருமுன் ஆங்கிலேயர் புதுச்சேரியைக் கைப்பற்றிவிட்டனர். குறித்த நாளில் அவர் நடுக்கடலில் இருந்தார். ஆடும் கப்பலில் நேரத்தைத் துல்லியமாகக் குறிக்க இயலவில்லை. மனந்தளராது எட்டாண்டுகள் காத்திருந்தார். மீண்டும் பிரெஞ்சுக்காரர் வசமாகியிருந்த புதுச்சேரியில் 1769 ஆம் ஆண்டு யூன் மாதத்து அந்தக் காலையில், மேகம் ஞாயிற்றை மூடிற்று. வெள்ளி கடந்து சென்ற பின்னரே வானம் வெளுத்தது. 1771 இல் அவர் நாடு திரும்பியபோது, இறந்தவராகவே கருதப்பட்டிருந்தார். அறிவியற் கழகத்தில் அவருக்குரிய இடமும் வேறொருவருக்கு வழங்கப்பட்டிருந்தது.

எனினும் பிறர் பல இடங்களிற் கண்ட அளவுகளைக்கொண்டு, அதே 1771 இல் லலாந்து என்பவர் அத்தொலைவை ஏறத்தாழ 15 கோடியே 30 இலட்சம் கிலோமீற்றர் எனக் கணித்தார். 1961 இல் வெள்ளிக்கு றேடார் அலைகளை அனுப்பி, அவை மீளும் நேரத்தைக் கொண்டு அளவு மேலும் திருத்தப்பட்டது. 2012 இல் சர்வதேச வானியல் ஒன்றியம், வானியல் அலகு என்பது 14 கோடியே 95 இலட்சத்து 97 ஆயிரத்து 870 கிலோமீற்றரும் 700 மீற்றரும் என வரையறுத்தது.

ஒளி இத்தொலைவை 8 நிமிடம் 19 விநாடியிற் கடந்துவிடுகிறது. அதனை அளக்கப் புறப்பட்ட லெ ஜாந்திக்கோ பதினோராண்டுகள் சென்றன. அளவு மட்டும் அவர் கைக்கு எட்டவில்லை.