கம்பி கழற்றிய பற்களுக்கு வெண்மை
(வாலிபருக்கும் பெற்றோருக்கும் ஆற்றிய உரை)



பல்லிலுள்ள கம்பியை எப்போது கழற்றுவார்கள் என்று ஒன்றரை, இரண்டு வருஷமாகக் காத்திருந்த பிள்ளை, கழற்றிய அன்றே கண்ணாடியைப் பார்த்து முகம் வாடுவதை நாங்கள் அநேக முறை கண்டிருக்கிறோம். வரிசை நேராகிவிட்டது. ஆனால் கிளிப் ஒட்டியிருந்த இடத்தைச் சுற்றிச் சுண்ணாம்பு தொட்டதுபோல் வெள்ளைத் திட்டுகள். "இவ்வளவு செலவு செய்தது இதற்குத்தானா?" என்கிறார் தாயார். அடுத்த மாதம் நிச்சயதார்த்தம் என்றால் சொல்லவே வேண்டாம். உடனே வெளுக்கச் சொல்லுகிறார்கள்.

நாங்கள் பல் வைத்தியரல்ல. ஆனாலும் வராந்தாவில் எங்களிடம் கேட்கிறவர்கள் அதிகமாகையால், மருத்துவர்கள் விளக்கியதை இங்கே சொல்லுகிறோம்.

மஞ்சள் கறை வேறு, வெள்ளைத் திட்டு வேறு. மஞ்சளாகத் தெரிவது பல வேளைகளில் காரையும், ஒட்டிய பசையின் மிச்சமுமே. அதைச் சுத்தம் செய்து மெருகிட்டாலே பாதிக் கவலை தீரும். வெள்ளைத் திட்டோ கறையே அல்ல. கிளிப்பைச் சுற்றித் தங்கிய உணவைக் கிருமிகள் அமிலமாக்க, அந்த அமிலம் எனாமலிலுள்ள கால்சியத்தையும் பாஸ்பேட்டையும் கரைத்து நுண்துளைகளை உண்டாக்கிவிடுகிறது. ஒளி அங்கே சிதறுவதால் வெள்ளையாகத் தெரிகிறது. பிளீச்சிங் அந்தத் துளைகளை அடைக்காது. சுற்றியுள்ள பல்லும் வெளுப்பதால் திட்டு சற்று மறையலாம். தொடக்கத்தில் முன்னிலும் எடுப்பாகத் தெரியவும் கூடும்.

ஆகையால் முதலில் பொறுத்திருங்கள். ஃபுளோரைடு பற்பசையால் தினமும் இருவேளை துலக்கினால், உமிழ்நீரே சில மாதங்களில் இழந்த தாதுக்களைக் கொஞ்சங் கொஞ்சமாகத் திருப்பிக் கொடுக்கும். எல்லாத் திட்டும் மறையாது, அநேகம் மங்கும். மங்காததற்கு, 15 சதவீத ஹைட்ரோகுளோரிக் அமிலத்தால் மேற்பரப்பைத் திறந்து, துளைகளில் நீர்த்த ரெசினை ஊறச் செய்யும் சிகிச்சை உண்டு. பல்லைத் துளைக்க வேண்டியதில்லை. செலவு மட்டும் சற்றுக் கூடுதல்.

பல் முழுவதும் மஞ்சளாயிருந்தால் பிளீச்சிங் உதவும். அளவெடுத்த மெல்லிய தட்டில் 10 சதவீத கார்பமைடு பெராக்சைடு ஜெல் இட்டு இரவில் அணியும் முறை 1989-இல் வெளியானது. இரண்டு வாரமளவில் பலன் தெரியும். மருத்துவரே ஈறை மூடிக்கொண்டு வீரியமான மருந்து பூசுவது விரைவானது. இரண்டிலும் சில நாள் பல் கூசும். அடைத்த பல்லும் உறை போட்ட பல்லும் வெளுக்கமாட்டா. பதினெட்டு வயதுக்கு உட்பட்டோருக்கு ஐரோப்பிய ஒன்றியம் 2011-இல் இதற்குத் தடை விதித்தது. நம் பிள்ளைகளும் அதுவரை காத்திருக்கலாமே.

கரி, சாம்பல், எலுமிச்சம்பழமும் உப்பும் வேண்டவே வேண்டாம். ஏற்கெனவே மெலிந்த எனாமலை அவை இன்னும் தேய்த்துவிடும்.

இன்னொன்று. வெளுப்பதற்குப் பணம் தேடுகிறவர்கள் ரிடெய்னரைப் பெட்டியில் வைத்துவிடுகிறார்கள். அணியாவிட்டால் பல் பழைய இடத்துக்கு நகரும்; வெளுக்க எடுத்த தட்டும் பிறகு பொருந்தாது. இன்று இரவே அதை எடுத்துப் போட்டுக்கொள்ளுங்கள்.