கோடு ஏன் இப்படி வருகிறது?

(நமது அறக்கட்டளையின் இலவசக் கணினி வடிவமைப்பு வகுப்பில், மாணவ மாணவியரும் பெற்றோரும் கலந்துகொண்ட அமர்வில் ஆற்றிய உரை.)



இன்று ஒரே ஒரு விஷயம்தான் பேசப் போகிறேன். இங்க்ஸ்கேப்பில் நீங்கள் போட்ட கோடு நினைத்தபடி வரவில்லை என்றால் எங்கே பார்ப்பது? 'இதற்கெல்லாம் ஒரு உரையா?' என்று பின்னால் அமர்ந்திருக்கும் அத்தாமார்கள் நினைக்கலாம். நம் பிள்ளைகள் பாதியில் எழுந்து போவது பெரிய பாடங்களைக் கண்டு பயந்து அல்ல. 'நேற்று கோடு நல்லா வந்தது, இன்னைக்கு வால் மாதிரி கூம்பி வருது, எனக்கு இது சரிப்படாது' என்று இந்த இடத்தில்தான் மனம் விட்டுப் போகிறார்கள்.

முதலில் அடிப்படை. தையல் தெரிந்த சகோதரிகளுக்கு இது உடனே புரியும். துணியில் சாக்பீஸால் ஒரு கோடு போடுகிறீர்கள். அதன் மேல் லேஸ் வைத்துத் தைக்கிறீர்கள். சாக்பீஸ் கோடுதான் 'பாத்'. லேஸ்தான் 'ஸ்ட்ரோக்'. பாத்துக்கு அகலமே கிடையாது. நாம் திரையில் பார்ப்பது லேஸை மட்டும்தான். எனவே கோடு கெட்டுவிட்டது என்று அழித்துவிட்டுத் திரும்ப வரையாதீர்கள். பெரும்பாலும் சாக்பீஸ் கோடு சரியாகவே இருக்கும், லேஸைத்தான் மாற்ற வேண்டும். ஷிப்ட், கன்ட்ரோல், எஃப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் 'ஃபில் அண்ட் ஸ்ட்ரோக்' பெட்டி திறக்கும். நிறம், தடிமன், புள்ளிக்கோடு எல்லாம் அங்கேதான் இருக்கின்றன.

கோடு கூம்பி வருவதற்குக் காரணம் வேறு. பென்சில் அல்லது பேனா கருவியை எடுத்தால் மேல் பட்டையில் 'ஷேப்' என்று ஒன்று இருக்கும். அது 'டிரையாங்கிள் இன்' என்று மாறியிருந்தால் ஒரு முனை ஊசியாகிவிடும். 'ஃப்ரம் கிளிப்போர்டு' என்று இருந்தால் இன்னும் வேடிக்கை. நீங்கள் கடைசியாகக் காப்பி செய்த உருவத்தையே கோட்டின் நெடுக இழுத்து ஒட்டிவிடும். அதை 'நன்' என்று வைத்துவிட்டு வரையுங்கள். ஏற்கெனவே வரைந்த கோட்டுக்கு, பாத் மெனுவில் உள்ள 'ரிமூவ் பாத் எஃபெக்ட்' போதும்.

வரைந்தும் கோடே தெரியவில்லையா? கருவிகள் கடைசியாகப் பயன்படுத்திய பாணியை நினைவில் வைத்துக்கொள்ளும். முன்பு நீங்கள் ஸ்ட்ரோக்கை நீக்கியிருந்தால் புதிய உருவமும் அப்படியே வரும். கீழே உள்ள வண்ணப் பட்டையில் ஷிப்டை அழுத்திக்கொண்டு ஒரு நிறத்தைத் தொடுங்கள், கோடு வந்துவிடும். ஷிப்ட் இல்லாமல் தொட்டால் உள்நிறம்தான் மாறும்.

அடுத்து நிக்காஹ் அழைப்பிதழ். மணமக்கள் பெயருக்குத் தங்க நிறத்தில் பார்டர் வைக்கிறோம். ண, ழ போன்ற எழுத்துகளின் உள் இடைவெளி அடைத்துக்கொள்கிறது. லேஸ் எப்போதும் சாக்பீஸ் கோட்டுக்குப் பாதி உள்ளே, பாதி வெளியே விழுவதுதான் காரணம். 'ஸ்ட்ரோக் ஸ்டைல்' பகுதியில் 'ஆர்டர்' என்ற பொத்தான்கள் உண்டு. ஸ்ட்ரோக்கை உள்நிறத்துக்குப் பின்னால் அனுப்பிவிடுங்கள், எழுத்து தெளியும். கோரல்டிராவில் இதையே 'பிஹைண்ட் ஃபில்' என்பார்கள். எழுத்தின் கூர்முனைகளில் முள் போல நீட்டிக்கொண்டிருந்தால் 'ஜாயின்' என்பதை வட்டமாக்குங்கள்.

மேலே அரபியில் பிஸ்மில்லாஹ் வைக்கும்போது வேறொரு சிக்கல். பார்டர் கொடுத்தவுடன், எழுத்தும் எழுத்தும் சேரும் இடத்தில் குறுக்குக் கோடு தெரியும். கணினிக்கு அவை தனித்தனித் துண்டுகள், ஒன்றின் மேல் ஒன்று ஏறி நிற்கின்றன. முதலில் 'ஆப்ஜெக்ட் டு பாத்' கொடுத்து, குழுவைப் பிரித்து, பிறகு 'யூனியன்' கொடுங்கள். துண்டுகள் ஒன்றாகிவிடும், பார்டர் வெளியே மட்டும் ஓடும். பாத் ஆக்கிய பின் எழுத்தைத் திருத்த முடியாது. அதனால் அசலின் ஒரு பிரதியைத் தனியே வைத்துக்கொண்டு, ஓதத் தெரிந்த ஒருவரிடம் காட்டிய பிறகே இதைச் செய்யுங்கள்.

அளவு மாற்றும்போதும் கவனம் தேவை. 90 மில்லிமீட்டர் விசிட்டிங் கார்டை 9 அடி பிளெக்ஸ் ஆக்கினால் ஏறக்குறைய 30 மடங்கு. கார்டில் 1 மில்லிமீட்டர் இருந்த பார்டர் பிளெக்ஸில் 30 மில்லிமீட்டர் ஆக வேண்டும். ஆகாவிட்டால் ரோட்டிலிருந்து பார்ப்பவருக்குப் பார்டரே இருக்காது. தேர்வு அம்புக்குறியை எடுத்தால் மேல் பட்டையில் நான்கு சிறு பொத்தான்கள் வரும். முதலாவது, கோட்டின் தடிமனையும் சேர்த்துப் பெரிதாக்குவது. அது அணைந்திருக்கிறதா என்று பாருங்கள். கோரல்டிராவில் 'ஸ்கேல் வித் ஆப்ஜெக்ட்' என்பதை டிக் செய்ய வேண்டும்.

நம் பகுதியில் இதைவிடக் காசு பார்க்கிற வேலை ஸ்டிக்கர் கட்டிங். நாமக்கல், திருச்செங்கோடு, சங்ககிரி என்று லாரி பாடி கட்டும் பட்டறைகளும் ரிக் வண்டிகளும் நிறைந்த ஊர்கள் இவை. கண்ணாடிக்கு மேல் பெயர், பக்கவாட்டில் கம்பெனி பெயர், பின்னால் ரேடியம் பட்டை, எல்லாம் பிளாட்டர் மிஷினில் வெட்டியதுதான். அந்த மிஷினின் கத்திக்கு லேஸ் தெரியாது, சாக்பீஸ் கோடு மட்டுமே தெரியும். திரையில் 10 மில்லிமீட்டர் தடிமனில் அழகாக ஒரு வளைவு வரைந்து அனுப்பினால், கத்தி நடுவில் ஒரே ஒரு கீறல் போட்டுவிட்டுப் போய்விடும். ரோல் வீண். லாரிக்காரர் லோடு ஏற்றக் காத்திருப்பார். வெட்ட அனுப்பும் முன் அந்தக் கோட்டைத் தேர்ந்தெடுத்து 'ஸ்ட்ரோக் டு பாத்' கொடுங்கள். கன்ட்ரோல், ஆல்ட், சி. லேஸின் இரு ஓரங்களும் சாக்பீஸ் கோடாகிவிடும். பிறகு கன்ட்ரோல் 5 அழுத்திப் பாருங்கள். நிறங்கள் மறைந்து வெறும் கம்பிக்கோடு மட்டும் தெரியும். கத்தி ஓடப்போகும் வழி அதுதான். அசல் நிலைக்கு வரும்வரை அதையே திரும்ப அழுத்துங்கள். ஒன்றன்மேல் ஒன்று ஏறிய எழுத்துகளும் இந்தக் காட்சியில் காட்டிக்கொடுத்துவிடும்.

'எல்லாரும் கிராக் செய்த கோரல்டிராதானே வைத்திருக்கிறார்கள்' என்று ஒரு தம்பி கேட்டார். ஹலாலான சம்பாத்தியம் தேடி வந்துவிட்டு, கருவியைத் திருட்டில் எடுப்பது எனக்கு உவப்பில்லை. இங்க்ஸ்கேப் 2003 முதல் தன்னார்வலர்கள் உருவாக்கி வரும் இலவச மென்பொருள், 2020இல் 1.0 பதிப்பு வந்தது. கடைக்காரர் கோரல்டிராதான் வைத்திருப்பார் என்றால், அச்சுக்கு பிடிஎஃப் கொடுங்கள். பின்னால் அனுப்பிய ஸ்ட்ரோக் போன்ற சில அமைப்புகள் வேறு மென்பொருளில் எஸ்விஜி கோப்பைத் திறக்கும்போது மாறிப் போகலாம்.

வீட்டில் கணினி உள்ளவர்கள் ஐ.ஐ.டி. பம்பாயின் ஸ்போக்கன் டுட்டோரியலில் இங்க்ஸ்கேப் பாடங்களைப் பார்க்கலாம். இப்போது யாருடைய பைலிலாவது கோடு அடம்பிடித்தால் பென் டிரைவை எடுத்து வாருங்கள், திரையில் போட்டு எல்லாரும் சேர்ந்து பார்ப்போம்.