ஏலமேடையும் நீதிமன்றச் சுவரும்



பிறிஸ்டல் நகரத்துச் சுவர்களில் தொடங்கி உலகறிந்தவராகிவிட்ட பாங்ஸி என்னும் ஓவியரைப் பற்றிப் பேசும்படி என்னைப் பணித்திருக்கிறீர்கள். நான் ஓவியம் கற்றவனல்லன், கற்றது சட்டம். ஆகவே நீதிமன்றச் சுவரிலிருந்தே தொடங்குகிறேன்.

2025 செப்ரெம்பர் 8ஆம் நாள், இலண்டன் அரச நீதிமன்ற வளவின் வெளிச்சுவரில் ஒரு சித்திரம் தோன்றிற்று. பொய்மயிர்த் தொப்பியும் அங்கியும் அணிந்த நீதிபதி ஒருவர், நிலத்தில் வீழ்ந்து கிடப்பவனைச் சுத்தியலால் தாக்குகிறார். வீழ்ந்தவன் கையிலே ஆயுதமில்லை. இரத்தக்கறை படிந்த பதாகை ஒன்றே உண்டு. இரு நாட்களுக்கு முன்னர்தான், ஓர் இயக்கத்தின் மீதான தடையை எதிர்த்துக் கூடிய எண்ணூறுக்கு மேற்பட்டோர் அந்நகரிற் கைதாகியிருந்தனர். அவர்களிற் பெரும்பாலோர் செய்த குற்றம், எழுத்து எழுதிய அட்டையை ஏந்தி நின்றமையே. ஓவியர் விளக்கம் எதுவும் கூறினாரல்லர். கண்டவர்கள் இணைத்துப் பார்த்துக்கொண்டார்கள்.

இங்கிலாந்தின் நீதிபதிகள் சுத்தியல் பிடிப்பதில்லை என்பதை இங்குள்ள சட்டத்தரணிகள் அறிவர். அங்கே அது ஏலங்கூறுவோன் கைக்கருவி. ஓவியர் தவறினாரோ, வேண்டுமென்றே வரைந்தாரோ, யானறியேன். ஆனால் ஏலங்கூறுவோனையும் அவர் முன்னரே வரைந்தவர்.

'மூடர்கள்' என்பது அந்தப் படத்தின் பெயர். 1987இல் வான்கோவின் சூரியகாந்தி ஓவியம் கிறிஸ்டீஸ் மண்டபத்தில் ஏலம்போன காட்சியைத் தழுவியது. மண்டபம் நிறையச் செல்வர்கள். மேடையிலுள்ள சட்டத்துக்குள் ஓவியம் இல்லை. வாங்குவோரை மூடர்களென்று வையும் வாசகமே இருக்கிறது. பட்டுத்திரை அச்சில் இத்தனை பிரதி என்று வரையறுத்து, ஒவ்வொன்றிலும் எண்ணிட்டு விற்றார்கள். அவருடைய இத்தகைய அச்சுப் படங்கள் சில, தொடக்கத்தில் நூறு பவுணுக்கும் குறைவாகக் கிடைத்தன. சாதாரண மக்களும் வாங்கக்கூடிய விலை!

பின்னர் என்ன நடந்தது? வையப்பட்டவர்களே வந்து வாங்கினார்கள். விலை பன்மடங்காயிற்று. தோட்டத்திலே வெங்காயம் போன விலையையும் கொழும்புச் சந்தையில் அது போகும் விலையையும் அறிந்த உங்களுக்கு இதை விரித்துரைக்க வேண்டியதில்லை. 2018 ஒக்ரோபரில், பலூன் சிறுமி ஓவியம் சதபீஸ் ஏலத்திற் பத்து இலட்சம் பவுணுக்கு மேல் விலைப்பட்டவுடன், சட்டத்தினுள் ஒளித்திருந்த பொறி அதனைப் பாதிவரை கீலங்கீலமாகக் கிழித்தது. எதிர்ப்பு வென்றதென்று பலர் கைதட்டினர். 2021இல் அதே கிழிசல் ஒரு கோடியே 85 இலட்சம் பவுணுக்கு மேல் விற்பனையாயிற்று! இங்கே எதிர்ப்புத் தோற்றதென்றே சொல்வேன். பணம் படைத்தவனை வைதால், அந்த வசவையும் அவன் விலைகொடுத்து வாங்கிவிடுகிறான்.

நீதிமன்றச் சுவரில் அது நடவாது. அந்தச் சித்திரத்துக்கு எண்ணிட்ட பிரதியில்லை, ஏலமில்லை. பாதுகாக்கப்பட்ட கட்டிடமென்று காரணங்கூறி, அதிகாரிகள் முதலில் மறைத்தனர். இரண்டொரு நாளில் தேய்த்தழிக்கத் தொடங்கினர். பொலிசாருக்கு முறைப்பாடும் சென்றது. தேய்த்த பின்னரும், ஓங்கிய கையோடு நின்ற நீதிபதியின் நிழலுரு கல்லிலே தெரிந்துகொண்டிருந்தது.